எஞ்சினை அணைத்ததும் வீட்டு நினைவு: நெடும்பயணத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நெடுவழி எழுதியது:

தஜிகிஸ்தானின் முர்காபிலிருந்து எழுதுகிறேன். பாமிர் நெடுஞ்சாலையில் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே இணையம் கிடைப்பதே அபூர்வம். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பைக் பயணத்துக்காகப் பல வருடங்கள் ஏங்கியவன் நான். அலுவலக மேசையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தே காலத்தைத் தள்ளினேன். இப்போது நாலாபக்கமும் பழுப்பு மலை, மேலே கண்ணைக் கூச வைக்கும் நீலம், மணிக்கணக்கில் எதிரே ஒரு வண்டி கிடையாது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஆனால் கொஞ்ச நாளாக மனம் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பயம் இல்லை. உடம்புக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை, தூக்கம்தான் சரியில்லை. வண்டி ஓடும்போது எதுவும் தெரிவதில்லை. மாலையில் எஞ்சினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினால் போதும், வந்து பிடித்துக்கொள்கிறது. நேற்றிரவு என் மூச்சே கூடாரத்தின் உட்பக்கத்தில் பனியாகப் படிந்து, புரண்டு படுக்கும்போதெல்லாம் முகத்தில் உதிர்ந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, எங்கள் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்குமே, இப்போது யார் அதை இறுக்கி மூடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். மனைவி, பிள்ளைகள் நினைவு வந்தால் நியாயம். ஒரு குழாய்க்காக மனிதன் ஏங்குவானா?

வடக்கே அக்பைதல் கணவாய், கரகுல் ஏரி, அப்புறம் கிர்கிஸ்தானில் இறங்கி ஓஷ் நகரம். அங்கிருந்து கசகஸ்தான், அல்தாய் மலைகள், மங்கோலியா என்பது திட்டம். ஓஷிலிருந்தே திரும்பிவிடலாமா என்று ஒரு யோசனை. வேலையை விட்டு, சேமிப்பைக் கரைத்து வந்தவன் பாதியில் திரும்பினால் அதற்குப் பெயர் என்ன? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

சரளைக்காரர் எழுதியது:

தம்பி, மனிதன் குழாய்க்கும் ஏங்குவான், செருப்பு வைக்கும் இடத்துக்கும் ஏங்குவான். கை சும்மா இருந்தால் அப்படித்தான்.

சரளையில் ஓட்டும்போது மனதுக்கு நிமிட நேரம்கூட ஓய்வு கிடையாது. முன்சக்கரம் எந்தத் தடத்தில் போகிறது, அடுத்த வளைவில் மணல் கிடக்கிறதா, கிளட்சை எவ்வளவு விடுவது என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். சரளையில் குறுக்கு வரிகள் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மெதுவாகப் போனால் பல் ஆடும். வேகம் கூட்டினால் சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும், அதிர்வு குறையும், ஆனால் பிடிப்பும் குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைக் கண்டுபிடித்து அதிலேயே நிற்க வேண்டும்.

அர்ஜென்டினாவின் ரூட்டா 40 நெடுஞ்சாலை தென்கோடியிலிருந்து வடக்கு எல்லை வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இப்போது பெரும்பகுதி தார்ச்சாலை. கோபர்னடோர் கிரேகோரெஸுக்கும் த்ரேஸ் லாகோஸுக்கும் இடையில் இருக்கும் சரளைப் பகுதியை மட்டும் ‘சபிக்கப்பட்ட 73’ என்பார்கள், 73 கிலோமீட்டர். பட்டகோனியா என்ற அந்தத் தென்பகுதியின் மேற்குக் காற்று கோடையில்தான் உக்கிரமாக வீசும். பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டியைக் காற்றின் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகவே போக முடியும். காற்று திடீரென்று ஓய்ந்ததோ, சாய்த்த பக்கமே வண்டி பாயும். அந்த வழியில் எனக்கு வீட்டு நினைவு வந்ததே இல்லை. வந்திருந்தால் பள்ளத்தில் கிடந்திருப்பேன்.

நாள் முழுக்க இப்படி ஓயாமல் முடிவெடுத்த மூளைக்கு மாலையில் முடிவெடுக்க ஒன்றும் இருக்காது. உடனே பழகிய இடத்தைத் தேடி ஓடும், அங்கே ஒரு சொட்டும் குழாயைக் கண்டுபிடிக்கும். அதற்கு வேலை கொடுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஏர் ஃபில்ட்டரைக் கழற்றித் தட்டுங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். இறுக்கமானது ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும், தளர்ந்தது ‘டொக்’ என்று மொத்தையாகச் சொல்லும். இரண்டு சக்கரத்தையும் ஒழுங்காகத் தட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். நாலு மணிக்கே கூடாரம் அடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

திரும்புவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களில் அடுத்த முறை போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்விக்குறி எழுதியது:

சரளைக்காரர் ஐயா கொடுப்பது மருந்து அல்ல, மயக்க ஊசி. ஸ்போக்கைத் தட்டிக்கொண்டிருந்தால் ஏக்கம் தெரியாதுதான். பல்வலி வந்தவன் காலைக் கல்லில் இடித்துக்கொண்டாலும் பல்வலி தெரியாது.

நெடுவழி, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகவா? விசா கேட்டீர்கள், அனுமதிச் சீட்டு கேட்டீர்கள், பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று வழியில் பார்த்தவர்களை எல்லாம் கேட்டிருப்பீர்கள். அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை சுமார் 386 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் இல்லை. அங்கே ஒருவருடைய சுதந்திரம் எத்தனை லிட்டர் என்று சரியாகச் சொல்லிவிடலாம். போதாக்குறைக்கு, புழுதி அடங்கத் தூவும் கால்சியம் குளோரைடு மழையில் நனைந்தால் சாலை வழுக்கும். அதற்கும் ‘கட்டற்ற வெளி’ என்று தலைப்பு வைத்துப் படம் போடுகிறோம்.

எனக்கு வேறொரு விஷயம் உறுத்துகிறது. மனித வாடையே இல்லை என்று நாம் புல்லரித்துப் போகும் இடங்களில் சாலை தானாக முளைக்கவில்லை. டால்டன் சாலையை 1974இல், எண்ணெய்க் குழாய் பதிப்பதற்காக 154 நாட்களில் போட்டு முடித்தார்கள். கடைசி வரை பொதுமக்களைப் போக விட்டது 1994இல்தான். சிலியின் கரெத்தேரா ஆஸ்திரல் 1976இல் பினோசெட்டின் ராணுவ ஆட்சி தொடங்கிய வேலை. பாறையை வெடித்து வழி செய்தவர்கள் படைவீரர்கள். நீங்கள் இப்போது போய்க்கொண்டிருக்கும் ஓஷ்–கோரோக் சாலையை 1931இலிருந்து 1934க்குள் சோவியத் அரசு வண்டிச் சாலையாக்கியது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் யாகூட்ஸ்கிலிருந்து மகதானுக்குப் போகும் கொலிமா நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லவே கை கூசுகிறது. சுமார் 2,000 கிலோமீட்டர். 1932இல் தொடங்கி குலாக் என்ற சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களின் கைதிகளை வைத்துப் போட்டார்கள். உறைபனியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். ‘எலும்புச் சாலை’ என்று அதற்குப் பெயரே உண்டு. இன்று அது சாகசப் பைக்காரர்களின் கனவுப் பாதை.

அந்தக் கைதிகள் மண்வெட்டியோடு நின்ற இடத்தில்தான் நாம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். அவர்களுக்கும் மாலை வந்திருக்கும். வீட்டில் சொட்டும் ஏதோ ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். திரும்பிப் போகலாமா என்ற கேள்வி மட்டும் வந்திருக்காது, ஏனென்றால் விடை தெரியும். உங்களுக்கு அந்தக் கேள்வி வருகிறது. மங்கோலியாவுக்குப் போக முடியும் என்பதைவிட, ஓஷிலேயே வண்டியைத் திருப்ப முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய சுதந்திரமாகத் தெரிகிறது. அதைப் பயன்படுத்துவதற்கு என்ன வெட்கம்?

இரண்டாம்கியர் எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. ஹெல்மெட்டுக்குள் தனியாகப் பேசுவது எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா? முதல் வாரம் பாட்டு. அப்புறம் வண்டியோடு பேச்சு. அப்புறம் எப்போதோ முடிந்துபோன சண்டைகளில் எதிராளிக்குப் பதில். நாலாவது கட்டம் வந்தால் நான் ஆள் இருக்கும் ஊராகப் பார்த்து இரண்டு நாள் தங்கிவிடுவேன். அது என்ன என்று கேட்காதீர்கள்.

காத்திருப்பவள் எழுதியது:

நான் பைக் ஓட்டுகிறவள் இல்லை. ஓட்டுகிறவர் கிளம்பிப் போனதும் வீட்டில் இருப்பவள். இங்கே எல்லோரும் சாலைப் பக்கத்திலிருந்து பேசுவதால் இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சுதந்திரம் அவருக்கு, அட்டவணை எனக்கு. போன முறை செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு போனார். செல்போன் கோபுரமே இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக 160 எழுத்துகளுக்குள் செய்தி அனுப்பலாம். அவர் இருக்கும் இடம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் திரையில் ஒரு புள்ளியாக விழும். நிம்மதிக்காக வாங்கியது. ஆனால் அதற்கு முன்பு வாரம் ஒரு தடவை கவலைப்பட்டுக்கொண்டிருந்த நான், அதற்கு அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கவலைப்பட்டேன்.

ஒரு நாள் புள்ளி ஆற்றின் நடுவில் நின்றுவிட்டது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நீலத்தின் மேல்தான் இருந்தது. இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் மதியம் செய்தி வருகிறது: “பேட்டரி மிச்சம் பிடிக்க அணைத்து வைத்திருந்தேன். ஆறு அருமை.” ஆறு அருமையாம்!

திரும்பி வந்ததும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். புள்ளி தேவையில்லை, மாலையில் ஒரே ஒரு செய்தி போதும். அது வராவிட்டால் மறுநாள் இரவு வரை நான் எதுவும் நினைக்கக் கூடாது. அதற்கும் மேல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது குளிர்சாதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுத்தில் வைத்ததால்தான் என்னால் தூங்க முடிகிறது.

இன்னொன்று. அவர் விழுந்ததையும் வண்டி நின்றுபோனதையும் என்னிடம் மறைப்பார். நான் மகனுக்குக் காய்ச்சல் வந்ததையும் தண்ணீர் மோட்டார் எரிந்ததையும் மறைப்பேன். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோமாம். அதன் பலன் என்ன தெரியுமா? அவர் கண்ணில் வீடு என்பது ஒரு குறையும் இல்லாத படமாக மாறிவிட்டது. அப்படி ஒரு படத்துக்கு ஏங்காமல் யார் இருப்பார்கள்? வந்து பார்த்தால் மோட்டார் எரிந்த வீடு. பாதி ஏக்கம் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

நெடுவழி, உங்கள் மனைவியிடம் “நலமா, நலம்” என்பதை விட்டுவிட்டு அந்தக் குழாயைப் பற்றிக் கேளுங்கள்.

நாடிபார்ப்பவர் எழுதியது:

தொழில் மருத்துவம். உபதேசத்தை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். நெடுவழி எழுதியதில் ‘தூக்கம்தான் சரியில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

முர்காப் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இந்த உயரத்தில் தூங்கும்போது மூச்சு வேகமாகி, ஆழமாகி, பிறகு சில நொடிகள் நின்றே போகும், திடுக்கிட்டு விழிப்பீர்கள். இரவு முழுக்க இது நடந்தாலும் காலையில் நினைவிருக்காது, எரிச்சலும் சோர்வும்தான் மிஞ்சும். வறண்ட காற்றில் உடலின் நீரும் வேகமாக வற்றுகிறது. இவை எல்லாம் சேர்ந்தால் தைரியசாலிக்கும் வீட்டு நினைவு வரும். அதனால் அங்கே உட்கார்ந்துகொண்டு வாழ்க்கை முடிவு எதையும் எடுக்காதீர்கள். அடுத்த கணவாய் அக்பைதல் 4,655 மீட்டர், அங்கே காற்றழுத்தம் பாதிக்குச் சற்றுதான் அதிகம். அங்கே இரவு தங்க வேண்டாம், கடந்து இறங்கிவிடுங்கள். தலைவலி வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ யோசிக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். ஓஷ் சுமார் ஆயிரம் மீட்டர்தான். இரண்டு இரவு அங்கே நன்றாகத் தூங்கிய பிறகு இதே கேள்வியை மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

அதற்காக வீட்டு ஏக்கம் வெறும் பிராணவாயுக் குறைவு என்று சொல்லவில்லை. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதை ஒரு நோயாகவே விவரித்து ஆய்வேடு எழுதினார். வயது பத்தொன்பதுதான். தூக்கமின்மை, பசியின்மை, படபடப்பு, ஓயாத வீட்டு நினைவு என்று அறிகுறிகளைப் பட்டியலிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் மருத்துவப் பதிவேடுகளில்கூட வீரர்கள் சிலர் இதனால் இறந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய கண்ணுக்கு அவற்றில் பலவும் தொற்றுநோய் அல்லது மனச்சோர்வாகத் தெரிகின்றன, அது வேறு கதை.

ஹோஃபர் சொன்ன நோயாளிகளில் ஒருவன் எனக்கு மிகவும் பிடித்தவன். பெர்னிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞன். சாகக் கிடந்தவனை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே, வழியிலேயே, தேறிவிட்டான். வீடு அவனைக் குணப்படுத்தவில்லை, போகலாம் என்று ஆனதே போதுமாக இருந்தது. கேள்விக்குறி சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் போகலாம் என்பது வேறு, போயே ஆக வேண்டும் என்பது வேறு.

நெடுவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலை கிளம்புகிறேன், அதற்குள் ஒரு செய்தி.

காத்திருப்பவள் அம்மா சொன்னபடி குழாயைப் பற்றிக் கேட்டேன். “அதற்கு வாஷர் தேய்ந்திருந்தது, நீங்கள் கிளம்பிய வாரமே மாற்றிவிட்டேன். இத்தனை வருடம் அதை இறுக்கி இறுக்கியே கெடுத்து வைத்திருந்தீர்கள்” என்று பதில் வந்தது. சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நான் இல்லாமல் அந்த வீடு நன்றாகவே ஓடுகிறது. இதைக் கேட்டு எனக்கு விடுதலை உணர்வு வர வேண்டுமா, வருத்தம் வர வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தன.

கேள்விக்குறி எழுதிய சாலைக் கதையும் மனதில் நின்றுவிட்டது. இங்கிருந்து வடக்கே சீன எல்லையை ஒட்டி, சோவியத் காலத்துக் கம்பிவேலி ஒன்று சாலையோடு கூடவே வருமாம். அதைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

பழையபெட்டி எழுதியது:

திரும்புவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், திரும்பிய பிறகு என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

வந்த முதல் வாரம் சொர்க்கம். பிறகு, “எப்படி இருந்தது?” என்று கேட்பவர்களுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் கேட்கப் பொறுமை இல்லை என்பது புரியும். அவர்கள் மேல் குற்றம் இல்லை. நம்மிடம் இருப்பது இரண்டு வாக்கியத்தில் அடங்காது, அவ்வளவுதான். எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கிலேயப் பெண் 1982இல், கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தபோது, பழைய பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் தனியாக உலகம் சுற்றக் கிளம்பினார். 1984இல் லண்டன் திரும்பினார். பைக்கில் உலகைச் சுற்றிய முதல் பிரிட்டிஷ் பெண் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். திரும்பிய காலத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல வருடங்கள் கழித்துத்தான் அந்தக் கதை வெளியே வந்தது.

அவரிடமிருந்து நெடுவழி எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொரு விஷயம். நடுவழியில் சிட்னியில் பல மாதங்கள் தங்கி வேலை பார்த்தார். சாமான் வைக்கும் அலுமினியப் பெட்டிகளை அங்கே தன் கையாலேயே செய்துகொண்டார். தினமும் ஒரே கதவைத் திறந்து ஒரே சுவரில் சட்டையை மாட்டுவது என்பது சாலையில் இருப்பவனுக்குப் பெரிய மருந்து. பத்திரிகையாளர் டெட் சைமன் 1973இல் டிரையம்ப் வண்டியில் கிளம்பி நாலு வருடம் சுற்றினார். அவரும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கவில்லை, வழியில் சில இடங்களில் நீண்ட நாள் இருந்தார். எழுபதை நெருங்கும் வயதில், 2001இல், அதே பாதையில் மறுபடியும் கிளம்பினார் என்பதைச் சரளைக்காரர் கவனிக்க வேண்டும்: அடுத்த முறை போகிறவர்களும் இருக்கிறார்கள். அர்ஜென்டினாக்காரர் எமிலியோ ஸ்கோத்தோ 1985இலிருந்து 1995 வரை ஒரே ஹோண்டா கோல்ட்விங்கில் 7,35,000 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த அளவுக்குப் போனால் எதை விட்டு எதற்கு ஏங்குவது என்பதே குழம்பிவிடும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் இவர்களுக்கு வீட்டுச் செய்தி தபாலில் வரும். அடுத்த பெரிய நகரத்தின் தலைமை அஞ்சலகத்தில் பெயருக்குக் கடிதம் காத்திருக்கும். வாரக் கணக்கில் ஒரு தகவலும் இல்லை, பிறகு ஒரே நாளில் ஐந்து கடிதம். ஏக்கத்துக்கு அப்போது ஓர் இடைவெளி இருந்தது. இப்போது நாம் தினம் தினம் அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறோம். காத்திருப்பவள் சொன்ன ஒரு நாளைக்கு ஒரு செய்தி என்பதுகூட எனக்கு அதிகமாகப் படுகிறது. ஆனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் காத்திருந்தவன் இல்லை.

வீட்டில் இருந்தபோது காடு இழுத்தது, காட்டில் இருந்தபோது வீடு இழுத்தது. இது பைக் வந்த பிறகு வந்த வியாதியும் அல்ல. பாலைத் திணையைப் புரட்டிப் பாருங்கள்: பொருள் தேடிக் கிளம்பியவன் சுரத்தின் நடுவே நிற்கிறான். திரும்பு என்கிறது நெஞ்சு, முடித்துவிட்டுப் போ என்கிறது அறிவு. இரண்டு யானைகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அறுந்துவிடுமோ என்று புலம்புகிறான். போனானா, திரும்பினானா என்று பாட்டு சொல்வதே இல்லை.

கேள்விக்குறி எழுதியது:

அழகான மேற்கோள், ஆனால் அவன் போனது பிழைப்புக்காக. நாம் போவது பொழுதுக்காக. அவனுடைய கயிற்றை நாம் கடன் வாங்குவது கொஞ்சம் அதிகம்தான். இதைச் சொல்லிவிட்டு நானும் அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்பதால் யாரும் என்னைத் திட்ட வேண்டியதில்லை, நானே திட்டிக்கொள்கிறேன்.

நெடுவழி எழுதியது:

ஓஷ் வந்துவிட்டேன். தூங்கினேன், நன்றாகத் தூங்கினேன். நாடிபார்ப்பவர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

அக்பைதல் ஏறும்போது வண்டி என்னைவிடச் சோர்ந்துவிட்டது. கார்புரேட்டர் வண்டி, காற்று குறையக் குறைய, அதே அளவு பெட்ரோல் உள்ளே போய்க் கரும்புகை கக்கியது. கடைசி ஏற்றம் முழுக்க முதல் கியர்தான். மேலே ஒருவரும் இல்லை. ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். இரண்டாம்கியர், அது எந்தக் கட்டம் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இறங்கியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

அந்தக் கம்பிவேலியையும் பார்த்தேன். வெகுதூரம் கூடவே வருகிறது. சில இடங்களில் தூண் சாய்ந்து, கம்பி அறுந்து தொங்குகிறது. யாரும் இல்லாத வெளியில், யாரையோ தடுக்க, யாரோ மெனக்கெட்டு நட்டது. அதன் இந்தப் பக்கத்தில் நான் ‘சுதந்திரமாக’ ஓட்டிக்கொண்டு போனேன்.

தூங்கி எழுந்ததில் ஏக்கத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, அது உயரத்தால் வந்தது அல்ல. யோசித்துப் பார்த்தால் மங்கோலியா என் ஆசையாகவே இல்லை. வரைபடத்தில் கோடு அங்கே முடிந்தால் அழகாக இருக்கும் என்று போட்டது. தவிர, இந்த வேகத்தில் அல்தாய் சேர்வதற்குள் குளிர் வந்துவிடும். அதனால் மங்கோலியாவை எடுத்துவிட்டேன். உடனே திரும்பவும் போவதில்லை. இங்கே கிர்கிஸ்தானிலேயே சோங்கோல் ஏரி 3,016 மீட்டரில் இருக்கிறது. தலை எதுவும் சொல்லாவிட்டால், அங்கே மேய்ச்சல்காரர்களின் கூடாரம் ஒன்றில் கொஞ்ச நாள் ஒரே இடமாக இருந்து பார்க்கப் போகிறேன். தினமும் ஒரே இடத்தில் சட்டையை மாட்டலாம். அப்புறம் வீட்டைப் பார்த்து வண்டி.

சரளைக்காரர் எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அல்தாயை இலையுதிர் காலத்தில் பார்ப்பதற்காகவே ஆட்கள் போகிறார்கள். ஆனால் வண்டி உங்களுடையது. பிளக்கைச் சுத்தம் செய்துவிட்டு இடைவெளியை அளந்து போடுங்கள். ஏரிக்குப் போகும் வழியிலும் சரளைதான், ஸ்போக்கை மறக்காதீர்கள்.

காத்திருப்பவள் எழுதியது:

ஒரே ஒரு கேள்வி. பாதை மாறிய செய்தியை முதலில் வீட்டுக்குச் சொன்னீர்களா, எங்களுக்கா?

நெடுவழி எழுதியது:

வீட்டுக்குத்தான் அம்மா. மங்கோலியா இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. பிறகு, “சந்தோஷம், ஆனால் வந்து சேரும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள், சொன்னால் எண்ண ஆரம்பித்துவிடுவேன்” என்று எழுதினாள். சரி என்றேன். அதற்கடுத்த செய்தியில், மாடிக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, வந்ததும் அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.